துரத்தக் கூடாத நாய்

பீகிள் இன நாய்களுக்கு வீடு தேடித் தரும் தன்னார்வக் குழுவில், நாய் கேட்பவரின் வீட்டைப் பார்த்து முடிவு சொல்வது நர்ஸம்மா என்ற பெண்ணின் பொறுப்பு. நாய் கேட்டிருந்த ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவரின் வீட்டுக்கு ஒரு பீகிளைக் கூட்டிப் போனவள், வாசலிலேயே மனதுக்குள் முடிவெடுத்துவிட்டாள். தனி ஆள், தேய்ந்த முட்டி. இந்த நாயின் பின்னால் இவரால் ஓட முடியாது.

அதை எப்படிச் சொல்வதென்ற யோசனையில், கழற்றிய சங்கிலியைக் கழுத்துப் பட்டையில் திரும்ப மாட்ட மறந்துவிட்டாள். ஏதோ வாடை பிடித்த நாய், திறந்திருந்த கேட் வழியே பாய்ந்தது. தெருமுனையில் லாரிகள் போகும் சாலை. அவள் கத்திக்கொண்டே துரத்த, அது இன்னும் வேகமெடுத்தது.

“அம்மா தாயே, துரத்தாதீங்க! விளையாட்டுன்னு நினைச்சுக்கும். அப்படியே நில்லுங்க!” என்றார் தபால்காரர்.

அவள் நின்றாள். அவர் நடுத்தெருவில் குப்புறப் படுத்து முனகத் தொடங்கினார். சாலை விளிம்பில் நாய் திரும்பிப் பார்த்தது. அதன் முதுகுக்குப் பின்னால் ஒரு லாரி கடந்தது. பிறகு நாய் மெல்ல வந்து அவர் காதை முகர்ந்தது. அவர் பட்டையைப் பற்றிக்கொண்டார்.

“முப்பது வருஷம் தெருத்தெருவா நாய் என்னைத் துரத்தியிருக்கு. அதுங்க குணம் தெரியாதா?”

அவள் கையிலிருந்த சங்கிலியை அவரிடம் நீட்டினாள்.

“நீங்களே மாட்டுங்க ஐயா. இனிமே நீங்கதானே மாட்டணும்.”