திரி இல்லாத மெச்சாடோ

"சட்டியைக் கொண்டாங்க. எங்கப்பாவுக்கு ஆக்கிப் போட்ட சட்டியை இந்தக் கூடத்துல கொண்டாந்து வைங்க. ஊர் பாக்கட்டும்."

"எந்தச் சட்டிடி? ஞாயித்துக்கிழமை என் வீட்டுல அடுப்பே மூட்டல."

"மூட்டாமத்தான் அந்தக் கொழுப்பு வெந்துச்சா?"

மெனார்தோ கையிலிருந்த சீட்டுகளை மெல்ல மேசைமேல் கவிழ்த்து வைத்தான். கறிக்கடைக்காரன் வாயைத் திறந்தால் எலும்புதான் விழும் என்று எங்கள் தெருவில் சொல்வோம். இழவு வீட்டில் சீட்டாடிக்கொண்டே, தர்பூசணி விதையைக் கொறித்துக்கொண்டே, "பாவம் மனுசன், ஞாயிறு காலையில கூட எங்கிட்ட ஒரு சாண் பன்னிக்கொழுப்பு வாங்கிட்டுப் போனாரு" என்று அவன்தான் சொல்லித் தொலைத்தான். அது செத்தவரின் மகள் பெலெனின் காதில் விழுந்தது. அந்த நேரம் பார்த்துத்தானா பக்கத்து வீட்டு சேலிங், முட்டிவரை பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தெருத் தண்ணீரைக் கடந்து உள்ளே வரவேண்டும்?

கடல் ஏறும் நேரம். எங்கள் ஊர் ஹகோனோயில் பிற்பகலானால் தெருவில் கணுக்கால் அளவு தண்ணீர் நிற்கும். சாவுக்கு வந்தவர்கள் ரப்பர் பூட்ஸோடு உட்கார்ந்திருந்தார்கள். பெட்டிக்குள், கண்ணாடிக்கு அடியில், கார்யோ தன் ஒரே நல்ல சட்டையில் படுத்திருந்தார். உயிரோடிருந்தவரை தெருவில் நடக்கும் எந்தச் சண்டையையும் எட்டிப் பார்க்காமல் விட்டதில்லை அவர். தன் தலைமாட்டில் நடப்பதைப் பார்க்கத்தான் கொடுத்து வைக்கவில்லை.

சண்டை மெச்சாடோவைப் பற்றியது. நல்ல மாட்டுக்கறித் துண்டை நடுவில் குத்தி, பன்றிக்கொழுப்பு நாடா ஒன்றை உள்ளே செருகி, தக்காளியும் சோயாவும் விட்டு மணிக்கணக்காய் வேகவைப்பது. கொழுப்பின் நுனி மெழுகுவர்த்தித் திரிபோல வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். மெச்சா என்றால் திரி, அதனால்தான் அந்தப் பெயரே. இந்தக் காலத்தில் பாதி வீடுகளில் யாரும் திரி வைப்பதில்லை. கார்யோவுக்கு மட்டும் திரி இல்லாவிட்டால் அன்று ஞாயிறே இல்லை.

போன வருடம் அவருக்கு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. உப்பு கூடாது, கொழுப்பு கூடவே கூடாது என்று டாக்டர் சொன்னார். பெலென் அதைப் பைபிள் வசனம்போலப் பிடித்துக்கொண்டாள். நாற்பத்து நான்கு வயது, கல்யாணம் இல்லை, கையில் ஒரு தையல் மிஷின், ஒரு அப்பா. பதினோரு மாதம் அவரை அவள் காப்பாற்றினாள் என்றுதான் சொல்லவேண்டும். பதினோரு மாதமும் அவர் அவளைத் திட்டினார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

அந்த ஞாயிறு மதியம் அவர் சட்டியைத் திறந்து கரண்டியால் கிளறினார்.

"திரி எங்க?"

"டாக்டர்கிட்ட கேளுங்க."

"திரி இல்லாத விளக்கு எதுக்கு? இது மெச்சாடோ இல்ல. சாகப்போறவனுக்கு ஊத்துற கஞ்சி."

"அப்ப திங்காதீங்க. எவ திரி வச்சு ஆக்கிப் போடுறாளோ அவ வீட்டுல போய்த் தின்னுங்க."

பெலென் பின்பக்கம் போய் ஒரு வாளித் துணியைக் கட்டையால் அடித்துத் துவைத்தாள். அந்தச் சத்தம் நாலு வீடு கேட்டது. மூன்று மணிக்கு வேலிக்கு அந்தப் பக்கமிருந்து சேலிங் கத்தினாள். கார்யோ அவள் வீட்டுப் பிரம்பு நாற்காலியில், தலை ஒருபக்கம் சாய்ந்து, போய்விட்டிருந்தார்.

விதவை வீட்டில் ஒரு ஆண்பிள்ளை செத்தால் எங்கள் தெரு என்னென்ன பேசும் என்று சொல்லத் தேவையில்லை. பெலென் அதையெல்லாம் காதில் வாங்கவில்லை. அவளுக்குத் தெரியவேண்டியது ஒன்றே ஒன்றுதான். அவர் அங்கே என்ன தின்றார்? சேலிங் திரி வைத்துக் கொடுத்திருந்தால் கொன்றவள் சேலிங். இல்லையென்றால், அப்பாவிடம் கடைசியாகச் சொன்ன சொல்லை பெலென் எங்கே கொண்டுபோய் வைப்பாள்?

"மூணு நாளா கேக்கறேன், வாயைத் திறக்க மாட்டேங்கறீங்க. சொல்லுங்க. என்ன போட்டுக் கொன்னீங்க?"

சேலிங் கூடத்தைச் சுற்றிப் பார்த்தாள். யாரும் விதை கொறிக்கவில்லை.

"இரு" என்று சொல்லிவிட்டுத் தண்ணீரில் இறங்கிப் போனாள். திரும்பி வந்தபோது ஒரு கையில் நீல விளிம்பு போட்ட எனாமல் கிண்ணம். இன்னொரு கையில் செய்தித்தாள் பொட்டலம். கிண்ணத்தை மெனார்தோவின் சீட்டுகள்மேலேயே வைத்தாள்.

"இது யார் வீட்டுக் கிண்ணம்?"

பெலென் கிண்ணத்தைத் திருப்பிப் பார்த்தாள். விளிம்பில் அந்தச் சில்லு அவள் கைதவறிப் போட்டதால் பெயர்ந்தது. அப்பா போன நிமிடத்திலிருந்து அடுப்படி உறவுக்காரப் பெண்கள் கையில் இருந்தது. கிண்ணம் காணாமல் போனதை யார் பார்த்தார்கள்?

"நீ துணியை அடிச்சிட்டிருந்தப்ப உன் மெச்சாடோவைத்தான் இதுல மொண்டுகிட்டு வேலிச் சந்து வழியா வந்தாரு. பையில இந்தக் கொழுப்பு. காலையிலயே வாங்கி வச்சிருந்தாராம், நீ அந்தண்டை நகந்தா சட்டியில போடலாம்னு. நீ எங்க நகந்தே? நான்தான் கேட்டேன், குடுங்க கார்யோ, அடுப்பு மூட்டித் திரி வச்சுத் தரேன்னு. வேணாம், அதுக்குள்ள ஆறிப்போயிரும்னாரு."

"சாப்பிட்டாரா?"

"ராத்திரி மிச்சச் சோறு ரெண்டு தட்டு. கிண்ணத்தை ரொட்டியால வழிச்சுத் தின்னாரு. நல்லாத்தான் வச்சிருக்கா, அவகிட்ட சொல்லிடாதே, சொன்னா ஆயுசுக்கும் எனக்குத் திரி கிடைக்காதுன்னாரு. சத்தியம் வாங்கிக்கிட்டாரு. அப்புறம் கண்ணசரறேன்னு சாஞ்சாரு." சேலிங் பொட்டலத்தைப் பிரித்தாள். உப்பில் புரட்டிய கொழுப்பு நாடா, முழுசாக. "செத்தவருக்குக் குடுத்த சத்தியம்னு மூணு நாளா கொலைகாரிப் பட்டத்தைச் சுமந்துட்டு இருக்கேன். போதுமா?"

பெலென் பெட்டியருகே போனாள்.

"சொன்னா என்ன?" என்றாள் கண்ணாடியைப் பார்த்து. "நல்லாயிருக்குன்னு ஒரு வார்த்தை சொன்னா நாக்குல கொப்புளம் வந்துடுமா? பதினோரு மாசம். ஒரு நாள், ஒரு வாய், ஒரு வார்த்தை. கல்நெஞ்சுக் கிழவா."

சவப்பெட்டிக் கண்ணாடியில் கண்ணீர் விழுந்தால் செத்தவருக்கு வழி அடைபடும் என்று உறவுக்காரப் பெண்கள் பின்னாலிருந்து அவளை இழுத்தார்கள். அவள் அழவே இல்லை. கண்ணாடியில் தெறித்ததெல்லாம் எச்சில்தான்.

சேலிங் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கிளம்பினாள். இழவு வீட்டுக்காரர் வந்தவரை வாசல்வரை வழியனுப்பக்கூடாது. அனுப்பினால் இன்னொரு சாவு விழும். பெலெனுக்கும் அது தெரியும். கூடத்து நடுவிலேயே நின்று, திரும்பிப் பார்க்காமல் சொன்னாள்:

"போகாதீங்க. அடுப்படிக்கு வாங்க. வெங்காயம் உரிக்க ஆள் இல்ல."

சேலிங் தூக்கிய பாவாடையைக் கீழே விட்டாள். பிறகு கால் இரண்டையும் மிதியடியில் துடைத்தாள்.

சாயங்காலத்துக்குள் ஒரு பெரிய சட்டி மெச்சாடோ வெந்தது. கறியை மெனார்தோ ஓடிப்போய்க் கொண்டுவந்தான். குற்றமுள்ளவன் கால் வேகமாகத்தான் ஓடும். முதல் துண்டை பெலென் திரியோடு ஒரு தட்டில் எடுத்து, பெட்டியின் தலைமாட்டில் ணங்கென்று வைத்தாள்.

"தின்னுங்க" என்றாள்.

அடக்கம் முடிந்த நாற்பதாம் நாளுக்குப் பிறகு சேலிங் வீட்டைப் பூட்டிக்கொண்டு பதங்காஸிலிருக்கும் மகனிடம் போய்விட்டாள். அங்கே தெருவில் தண்ணீர் ஏறுவதில்லையாம். மறு வருடம் பெலெனும் மெனார்தோவும் கல்யாணம் செய்துகொண்டார்கள். மனைவியை இழந்த கறிக்கடைக்காரனுக்கு அவள் போட்ட நிபந்தனை ஒன்றுதான் என்று சொல்கிறார்கள். சொன்னது யாரென்று கேட்காதீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அந்த வீட்டைத் தாண்டிப் போனால் நீங்களும் கேட்கலாம். முதல் வாயை விழுங்கும் முன்பே, வாய் நிறையச் சோற்றோடு, மெனார்தோ சொல்வான்: "நல்லாயிருக்கு."

பெலென் எழுந்து பின்கட்டுக்குப் போய், கவிழ்த்து வைத்திருக்கும் நீல விளிம்புக் கிண்ணத்தை எடுத்துத் துடைக்கிறாள். அதில் ஒரு சொட்டு ஈரமும் இருப்பதில்லை. மறுபடியும் கவிழ்த்து வைக்கிறாள்.