நாற்பதா, இரண்டு பதினைந்தா

யுத்தம் முடிந்து, பெரிய எஞ்சின் பூட்டலாம் என்று கடற்படை அனுமதி தந்ததுதான் தாமதம், என் புருசன் அப்துல் கபூருக்குத் தலைகால் தெரியவில்லை. நாற்பது குதிரைவலு எஞ்சின் ஒன்றைப் பூட்டினால் கல்முனைக் கடலில் மீனுக்கு முதல் ஆளாய்ப் போய்ச் சேரலாமாம். நாற்பதாவது மண்ணாங்கட்டியாவது! எனக்கு வேண்டியது பதினைந்தில் இரண்டு. ஒன்று நின்றாலும் மற்றது ஆளைக் கரைக்குக் கொண்டு வரும்.

இரண்டு வருசத்துக்கு முதல், ஒற்றை எஞ்சின் நின்றுபோய் மூன்று நாள் நடுக்கடலில் மிதந்தவர் இதே மனிசன்தான். தம்பிலுவில் ஊர் மீன்பிடி ஆட்கள் கண்டு, கயிறு கட்டி இழுத்து வந்து விட்டார்கள். அவர் அதை மறந்துவிட்டார். நான் மறக்கவில்லை.

எஞ்சின் கடை அபுல் ஹஸனும் அவர் பக்கம்.

"ரெண்டு பூட்டினா பாரம் கூட, எண்ணெயும் கூட ராத்தா. ஓட்டமும் வராது."

"ஓடத் தேவல்ல தம்பி. திரும்பி வந்தாக் காணும்" என்றேன்.

"கடலுக்குப் போறது நானா நீயா?" என்று இவர் கத்தினார். "நாளைக்குக் காலையில நாற்பதக் கொண்டு வா அபுல் ஹஸன்!"

சரி, போட் யாருடையது? சுனாமியில் இவருடைய அடையாள அட்டை கடலோடு போய்விட்டதால், நிவாரணமாய் வந்த போட்டை என் பெயரில்தான் எழுதினார்கள். விடிந்ததும் கடற்கரைக்குப் போய், அந்தப் போட்டில் ஏறி, எஞ்சின் பூட்டும் பின்பலகையில் குந்திக்கொண்டேன். பொம்பிளை போட்டில் கால் வைத்தால் மீன் படாது என்பது எங்கள் ஊர்ப் பேச்சு. கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்த அத்தனை பேரும் எழும்பி வந்துவிட்டார்கள்.

"கபூர் காக்காட போட்டுக்கு எஞ்சின் பூட்டியாச்சுப் போல!" என்று ஒருவன் பகிடி பண்ணினான்.

அபுல் ஹஸனின் முச்சக்கர வண்டி நாற்பதோடு வந்து நின்றது. பின்னாலேயே இவரும் ஓடி வந்தார்.

"எறங்கு ஸைனம்பு! ஊர் என்ன கதைக்கும்?"

எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது.

"ஊரா? நீங்க கடல்ல கிடந்த மூணாம் நாள், ஊர்ப் பொம்புளையள் வெள்ளைப் புடவையோட வாசலுக்கு வந்தாங்க. கபூர் மௌத்தாப் போயிட்டார், வெள்ளை உடுத்து, நாலு மாசம் பத்து நாள் வீட்டோட இத்தா இரி எண்டாங்க. உங்கட கூடப் பொறந்த ராத்தாதான் புடவையப் புடிச்சிக்கு நிண்டா. ஆள்ட மையத்தக் காட்டுங்க, பொறகு உடுக்கிறன் எண்டு அதப் பறிச்சித் தெருவுல வீசினன். அல்லாஹ்ட பயமில்லாதவள் எண்டு ஏசிப்போட்டுப் போனாங்க. இண்டைக்கு வரைக்கும் உங்களுக்குச் சொல்லல்ல!"

இவர் போட்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நான் மௌத்தாப் போயிட்டன் எண்டு நீ நினைக்கல்லயா?"

"நினைச்சன். மூணு நாளும் அதத்தான் நினைச்சன். அதுக்காக வெள்ளை உடுக்கிறதா?"

இவர் போட்டிலிருந்து கையை எடுத்து, அபுல் ஹஸன் பக்கம் திரும்பினார்.

"இதக் கொண்டு போ தம்பி. பதினைஞ்சில ரெண்டு கொண்டு வா." என்னிடம், "இனி எறங்கு" என்றார்.

"எண்ணெய்த் தாங்கியும் ரெண்டு. ஒரே தாங்கியில கொழுவினா, எண்ணெயில தண்ணி சேர்ந்தா ரெண்டு எஞ்சினும் ஒண்டா நிக்கும்."

"யா அல்லாஹ்! சரி, ரெண்டு தாங்கி."

அபுல் ஹஸன் எல்லாவற்றையும் கொண்டு வந்து மணலில் இறக்கும் வரை நான் இறங்கவில்லை.