வேல்ராஜுக்கு வரவேண்டிய தூக்கம்

வேல்ராஜுக்கு வரவேண்டிய தூக்கம், பங்குனி பதினேழாம் தேதி பகல் பதினொன்றரை மணிக்கு, அவனுக்கு வராமல் பக்கத்து ஆறு அறைகளுக்கும் போய்ச் சேர்ந்தது. மண்ணூரில் சந்திரம்மாள் காம்பவுண்டு என்றால் யாரும் வழி சொல்வார்கள். வரிசையாக ஏழு அறை, மேலே ஒரு தண்ணீர்த் தொட்டி. அன்று மோட்டார் போட வந்த சந்திரம்மாள் சுவிட்சுக்கு அடியிலேயே உட்கார்ந்து தூங்கிப்போனாள். தொட்டி வழிந்து, காயப்போட்ட மிளகாய் மிதந்து, தண்ணீர் தெருமுனை வரை போய்விட்டது. மோட்டாரை நிறுத்தியவன் வேல்ராஜ். எழுந்ததும் அவள் அவனைத்தான் பிடித்துக்கொண்டாள். "இன்னாப்பா கலந்த காத்துல? வூடு மொத்தம் மட்டையாயி கீது, நீ மட்டும் முழிச்சிகினு நிக்கிற!" காற்றில் கஞ்சி ஆறுகிற வாசனை போல ஒன்று இருந்ததாக எல்லோரும் சொன்னார்கள். அது அவன் காதிலிருந்து வந்தது என்று கண்டுபிடிக்க மேலும் இரண்டு நாளும் ஒன்பது பேரும் தேவைப்பட்டார்கள்.

வேல்ராஜ் சங்கரன்கோவில் பக்கத்துப் பையன். வல்லம் வடகாலில் காருக்குக் கதவுப்பிடி செய்கிற கம்பெனி ஒன்றில் டிரெய்னி. பங்குனிக் கடைசியில் நாற்பது டிரெய்னிகளில் இரண்டு பேரைப் பெர்மனென்ட் செய்வார்கள், லீவே போடாமல் ஓ.டி. பார்ப்பவனுக்குத்தான் முதலிடம் என்று பேச்சு. பெர்மனென்ட் ஆனால்தான் கனகலட்சுமி. அவள் பக்கத்து ஹாஸ்டலில் தங்கி, ஒரகடத்தில் ஒரு பேக்கிங் லைனில் இருக்கிறாள். ஊரும் ஒன்று, மனசும் ஒன்று, அவள் அப்பா வனமாமலை மட்டும் வேறு கட்சி. கான்ட்ராக்ட்காரனுக்குப் பெண் இல்லை என்று அவர் போனில் சொன்னதைக் காம்பவுண்டுக்காரர்கள் நாங்கள் ஒட்டுக்கேட்கவில்லை. அந்தப் பெண் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசும். ஆகவே வேல்ராஜ் இருபது நாளாக இரட்டை ஷிப்ட் பார்த்தான். கண் சொருகும்போதெல்லாம் டீ. நாளொன்றுக்குப் பதினான்கு டீ என்பது டீக்கடை அன்பு பெருமையாகச் சொன்ன கணக்கு.

கம்பெனியிலும் இதே கதைதான். அவனுடைய லைனில் எட்டுப் பேர் தூங்கினார்கள். சூப்பர்வைசர் வசந்தகுமார், கையிலிருந்த தாளைக்கூடக் கீழே விடாமல், நின்றபடியே தூங்கினார். வாயுக்கசிவு என்று மீட்டரோடு வந்த இருவர், மீட்டர் பூஜ்யம் காட்டியதைப் பார்த்துவிட்டு நிம்மதியாகச் சாய்ந்தார்கள். வேல்ராஜ் மட்டும் கதவுப்பிடி மாற்றிக் கதவுப்பிடி போட்டுக்கொண்டிருந்தான். இப்படி ஒரு வேலைக்காரனை விடவும் மனமில்லை, பக்கத்தில் வைக்கவும் முடியவில்லை. ஷெட்டின் கடைசி மூலையில் தனி மிஷின் கொடுத்து, டாக்டரைப் பார்த்துவிட்டு வரச் சொன்னார்கள்.

ஸ்ரீபெரும்புதூரில் டாக்டர் எழிலரசி காரணம் சொல்லி முடிக்க மூன்று நாள் ஆனது. பாதி வாக்கியத்தில் அவருக்கே கண் மூடிக்கொண்டது. கடைசியில் வேல்ராஜை வராண்டாவில் நிறுத்தி, ஜன்னல் வழியாகச் சொன்னார். மூளையில் நரம்பணுக்கள் மட்டும் இல்லை, அவற்றைச் சுற்றிலும் கிளியா என்கிற துணையணுக்கள் உண்டு. சோறு ஊட்டுவது, குப்பை அள்ளுவது எல்லாம் அவைதான். வெகுகாலம் அவற்றை வெறும் பசை என்றே நினைத்திருந்தார்களாம். (எங்கள் பக்கத்தில் ஹவுஸ்கீப்பிங் ஆட்களையும் அப்படித்தான் நினைக்கிறார்கள்.) ஆள் விழித்திருக்க விழித்திருக்க, இந்தத் துணையணுக்கள் வெளியே விடும் ஒரு ரசாயனம் அடினோசினாக மாறிச் சேர்ந்து, போதும், அடங்கு என்று நரம்பணுவின் கதவைத் தட்டும். டீயில் இருக்கிற காஃபீன் அந்தக் கதவை மறித்து உட்கார்ந்துகொள்ளும். சாதாரணமாக அந்த 'அடங்கு' தகவல் வாசலிலேயே காத்திருக்கும். வேல்ராஜுக்கு இருபது நாள் தகவல் சேர்ந்துவிட்டதால், வழியில்லாமல் காது வழியாக வெளியே போகிறது. டாக்டர் இதைச் சளிக்கு மருந்து எழுதுகிற முகத்தோடுதான் சொன்னார். "தூங்கினாதாங்க உள்ள குப்பை ஒழுங்கா போகும். இல்லன்னா மறதி ஆரம்பிக்கும்" என்றும் சொன்னார்.

பெர்மனென்ட் பட்டியல் ஒட்ட இன்னும் நான்கு நாள் இருந்தது. வேல்ராஜ் டீயை விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை கனகலட்சுமி, எங்கள் எல்லோரையும் போல மூக்கில் துணி கிளிப்பை மாட்டிக்கொண்டு அன்பு கடைக்கு வந்து, அவனுக்கு எதிரே நின்றாள். அவன் அவளை நன்றாகப் பார்த்தான். பிறகு, "சிஸ்டர், கொஞ்சம் தள்ளி நில்லுங்க, தூக்கம் வந்துரும்" என்றான். அன்பு டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டான்.

அவள் கிளிப்பைக் கழற்றினாள். "ஊருக்கெல்லாம் தூக்கத்தப் பந்தி வைக்கீய. ஒங்க எலையில மட்டும் ஒண்ணும் விழலயாக்கும்? எம்பேரு என்னன்னு சொல்லுங்க பாப்போம்." அவன் யோசித்தான். அவ்வளவு நேரம் அவன் யோசித்து நாங்கள் பார்த்ததில்லை. அதற்குள் அவளுக்குக் கால் தள்ளாடி, பெஞ்சில் சாய்ந்து தூங்கிவிட்டாள். அவன் கையிலிருந்த பதினோராவது டீயைக் கீழே ஊற்றினான்; அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். டீ இறங்க இறங்க, வாசலில் காத்திருந்த தகவலெல்லாம் வரிசையாக உள்ளே போயிருக்க வேண்டும். மூன்று பகல், நான்கு இரவு தூங்கினான். புதன்கிழமை பட்டியல் ஒட்டினார்கள். லீவு போட்டவன் பெயர் அதில் இல்லை. வியாழக்கிழமை எழுந்தவன், வாசலில் நின்றவளைப் பார்த்து "கனகு" என்றான். பட்டியலை அதற்குப் பிறகுதான் கேட்டான்.

செய்தி தெரிந்து, பேச்சை முறித்துவிட்டுப் போகவே வனமாமலை பஸ் ஏறி வந்தார். மனைவி போனபின் நான்கு வருஷமாகச் சரியாகத் தூங்காத மனுஷன். கண் இரண்டும் செங்கல். வந்தவருக்கு டீ வாங்கிக் கொடுத்து, மரியாதைக்கு வேல்ராஜும் ஒன்று குடித்தான். காதுக்கு அந்த வழி பழகிவிட்டது போலும், ஒரு டீக்கே கஞ்சி வாசனை வந்தது. "நான் என்ன சொல்ல வந்தேன்னா…" என்று ஆரம்பித்தவர் பாயில் சரிந்து பதினோரு மணி நேரம் தூங்கினார். எழுந்து முகம் கழுவி, துண்டால் வெகுநேரம் துடைத்தார். "பெர்மனென்ட்டு கெடக்கட்டும் மாப்ள. ஆவணில தேதி பாக்கச் சொல்லுதேன்" என்றார்.

வேல்ராஜ் இப்போதும் டிரெய்னிதான், ஒரே ஷிப்ட். மத்தியானம் மூன்று மணிக்கு அவன் வீட்டுக்கு வந்ததும், இரவு ஷிப்ட்டுக்குப் போகிற பக்கத்து ஹாஸ்டல் பெண்கள் பிளாஸ்க்கில் அவனுக்கு ஒரு டீயோடு வந்து, பாயை விரித்து வரிசையாகப் படுத்துக்கொள்கிறார்கள். கனகலட்சுமி ஒரு டம்ளருக்கு மேல் விடுவதில்லை. சந்திரம்மாள் வாசல் போர்டைப் புதிதாக எழுதி மாட்டியிருக்கிறாள்: அறை வாடகைக்கு, போர் தண்ணீர், பைக் நிறுத்த இடம், பகலில் தூக்கம் உண்டு.