சுவருக்கு வெளியே ஒரு குழாய்

மண்ணரையில் மருதாளின் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு லைன் வீடு. தெற்கத்திச் சீமையிலிருந்து பனியன் கம்பெனி வேலைக்கு வந்த குடும்பங்கள். அந்தக் கோடையில் அவர்களுடைய போர்வெல் வற்றிவிட்டது. கார்ப்பரேஷன் தண்ணீர் எப்போது வரும் என்பது அந்த மாகாளிக்குத்தான் வெளிச்சம். ஷிப்ட் முடிந்து வந்த பெண்கள் காலிக் குடத்தோடு தெருத்தெருவாக அலைந்தார்கள். மாடியில் துணி காயப்போட்டபடி மருதாள் கொஞ்ச நாள் வேடிக்கை பார்த்தாள். பாவம் என்று உச்சுக் கொட்டவும் செய்தாள். உச்சுக் கொட்டக் காசா பணமா?

அப்புறம் மனசு கேட்கவில்லை. அவள் வீட்டு போரில் தண்ணீருக்குக் குறைச்சலில்லை. சாயங்காலம் கேட்டைத் திறந்து, ஹோஸைத் தானே பிடித்து, வீட்டுக்கு ஒரு குடம் ஊற்றினாள். 'தனக்கு மிஞ்சித்தான் தானம்' என்று புருஷன் ராசப்பன் முணுமுணுத்ததைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பெண்கள் அவளை மகராசி என்றார்கள். அந்தச் சொல் அவளுக்கு வெல்லமாய் இனித்தது; அதை மறைப்பானேன்!

வைகாசியில் வெள்ளகோவிலில் தங்கை மகளுக்குச் சீர். இருவரும் கேட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பினார்கள். விருந்து, சொந்தபந்தம் என்று ஒரு வாரம் தங்கியதில் லைன் வீட்டு நினைப்பே அவளுக்கு வரவில்லை.

திரும்பி வந்தபோது லைன் வீட்டில் ஒச்சாயியின் வீடு பூட்டிக் கிடந்தது. ஒச்சாயி கம்பெனியில் செக்கிங் வேலை பார்ப்பவள். தண்ணீர் கிடைக்காமல் பாழுங்கிணற்றில் மொண்டு குடித்ததில் அவள் மகள் யாழினிக்கு வயிற்றுப்போக்கு, பெரியாஸ்பத்திரியில் கிடக்கிறாள் என்று அடுத்த வீட்டுக்காரி சொன்னாள்.  மருதாள் பழம் வாங்கிக்கொண்டு ஓடினாள். குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருக்க, பிள்ளை கண் திறக்காமல் கிடந்தது.

"ஒரு போன் போட்டிருந்தா ஆரையாச்சும் உட்டுத் தொறந்திருப்பனே கண்ணு" என்றாள்.

ஒச்சாயி கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை.

"உங்கள குத்தம் சொல்லலக்கா. ஆனா நீங்க கதவத் தொறந்தாத்தான் எம்புள்ளைக்குத் தண்ணினா, நாங்க எத நம்பி இங்க இருக்க?"

மருதாள் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து அழுதாள். குடம் குடமாக ஊற்றினாளே, உங்களுக்கு என்ன வேணும் என்று ஒரு நாளாவது அவர்களைக் கேட்டாளா?

சாமி புண்ணியத்தில் யாழினி பிழைத்து வந்தாள். அன்றைக்குத்தான் மருதாள் முதல்முறையாக லைன் வீட்டுக்குள் போய், பாயில் உட்கார்ந்து, அவர்கள் கொடுத்த டீயைக் குடித்தபடி கேட்டாள். சுவருக்கு வெளியே ஒரு குழாய் வேண்டும், கரண்ட் பில்லில் பங்கு தருவோம், முறையை நாங்களே வகுத்துக்கொள்கிறோம் என்றார்கள். ராசப்பன் குதித்தான்.

"அந்தப் புள்ளைக்கு ஏதாச்சும் ஆயிருந்தா நம்ம தொண்டைல தண்ணி எறங்குமாங்க?" என்றாள் மருதாள். மறுநாள் அவனே பிளம்பரைக் கூட்டிவந்தான். மோட்டார் அறையின் சாவி ஒன்று ஒச்சாயியிடம் போயிற்று. கார்ப்பரேஷனில் மனுக் கொடுக்கப் போனபோது பேசியவள் ஒச்சாயி. மருதாள் பக்கத்தில் நின்றாள்.

ஒரு நாள் காலை, மோட்டார் வெளிக்குழாய்க்கு ஓடும் முறையில், தன் வீட்டுத் தொட்டியை முந்தியே நிரப்ப மறந்துபோய், மருதாள் குடத்தோடு வெளிக்குழாய்க்கு வந்தாள். பழைய பழக்கத்தில் நேரே முன்னால் போனாள்.

"அக்கா, வரிசையில வாங்க. இவுகல்லாம் உங்களுக்கு முந்தி வந்தவுக" என்றாள் ஒச்சாயி.

 மருதாளுக்கு முகம் சிவந்துவிட்டது. என் போர், என் தண்ணீர் என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. விழுங்கிக்கொண்டு கடைசிக்குப் போனாள்.

அங்கே சின்னக் குடத்தோடு நின்ற யாழினி திரும்பிப் பார்த்தாள்.

"எனக்குப் பின்னாடி நில்லுங்க பெரியம்மா."

நின்றாள்.