ஃபர்ம்வேர் ‘முடியாது’ என்று சொன்னால்

1

இந்தக் கதை என்னுடையது அல்ல, என் மனைவியுடையது. வெள்ளிக்கிழமை சாப்பாட்டு மேசையில் அவள் சொன்னாள். ஞாயிறு மதியத்துக்குள் நான் சுட்டுவிட்டேன். கதை எழுதுகிறவனைக் கட்டிக்கொண்டால் வீட்டில் எதையும் வாய்விட்டுச் சொல்ல முடியாது.

முதல் வரியை மூன்று முறை எழுதினேன். ‘கணினியின் இருண்ட ஆழத்தில்’ என்று ஒன்று. (அங்கே இருட்டெல்லாம் கிடையாதாம், அவளைக் கேட்டேன்.) ‘அவள் ஒரு பிழை செய்தாள், ஆனால்’ என்று இன்னொன்று. அந்த ‘ஆனால்’ அவள் சொன்னதல்ல, நான் சேர்த்தது. மூன்றாவதை நீங்கள் படித்துவிட்டீர்கள்.

2

அவளுக்குக் கர்னலில் வேலை. கர்னல்தான் இயங்குதளத்தின் நடுநாயகம். நினைவகத்தில் எது எங்கே இருக்கிறது என்ற வரைபடம் அதன் கையில். ஃபர்ம்வேர் என்பது இயந்திரத்தோடு கூடவே பிறந்த நிரல். மணி என்ன, அடுத்த முறை எதிலிருந்து தொடங்குவது போன்ற சில விஷயங்களை அதனிடம்தான் கேட்க வேண்டும். அதற்கோ தன் வரைபடம் தவிர வேறெதுவும் புரியாது. ஆகவே கர்னல் தன்னுடையதைச் சுருட்டி வைத்து, ஃபர்ம்வேருடையதை விரித்து, கேள்வியைக் கேட்டு, பதில் வந்ததும் மறுபடி தன்னுடையதை விரிக்க வேண்டும். விரிக்காவிட்டால், அதே கதவு எண், வேறு தெரு. யார் வீட்டுக்குள்ளோ போய் உரிமையோடு பீரோவைத் திறக்கும்.

பதில் ‘சரி’ என்று வந்தால் அவள் எழுதிய நிரல் ஒழுங்காக வரைபடத்தை மாற்றியது. ‘முடியாது’ என்று வந்தால் மட்டும் விறுவிறுவென்று வெளியேறிவிட்டது. மாற்றும் வரி அதற்குக் கீழே இருந்தது. சோதனைக்கூடத்து இயந்திரங்கள் ‘முடியாது’ என்று சொன்னதே இல்லை. வாடிக்கையாளர் ஒருவரின் கிடங்கில் இருந்த முந்நூறு இயந்திரங்கள் சொல்லின. ஒரே காலையில் முந்நூறும் படுத்துவிட்டன.

வெள்ளிக்கிழமையே அந்த வரியை அவள் மேலே நகர்த்திவிட்டாள். பிழை தீர்ந்தது. யார் செய்தது என்பது தீரவில்லை.

3

இங்கே இன்னொருவர் வர வேண்டும். அலுவலகத்தில் அவரைச் சோடாபுட்டி என்பார்கள், கண்ணாடி அப்படி. (முதல் வரைவில் அவரை வில்லனாக்கிப் பார்த்தேன். மனிதர் ஒத்துழைக்கவில்லை.) என் மனைவி பிரசவத்துக்குப் போகும்போது, எழுதி முடித்த நிரலை அவரிடம் கொடுத்துவிட்டுப் போனாள். விடுப்பில் இருப்பவர் பெயரில் கர்னலில் எதையும் சேர்க்கக் கூடாது என்பது அங்கே விதி. அவர் தன் பெயரில் சேர்த்தார். ஓர் எழுத்தைக்கூட மாற்றவில்லை.

திங்கள் பத்து மணிக்கு அவருக்கு விசாரணை. வேலை போய்விடும் என்று பேச்சு. இவள் போன் செய்தாள்.

“சார், அது நான் எழுதினது.”

“தெரியும்மா. நீ சும்மா இரு. வேலைக்குத் திரும்பி மூணு வாரம்தான் ஆச்சு. கைக்குழந்தை வேற.”

“தப்பு என்னோடது சார்.”

“பேரு என்னோடது. வச்சிடறேன், பால் பொங்குது.”

4

முடிவு அ: அவள் சும்மா இருக்கிறாள். இதை இரண்டு பக்கம் எழுதினேன். குழந்தை, ஜன்னல், அவள் மௌனம், எல்லாம் இருக்கிறது. கல்நெஞ்சும் கரையும்.

முடிவு ஆ: விசாரணைக் கூட்டத்தில் எழுந்து “நான்தான்” என்கிறாள். இது நாலு வரி. நாலாவது வரியும் பாதியில்

(அடிக்குறிப்பாகப் போட வேண்டியது, இங்கேயே வந்துவிட்டது: முன்பகுதிகளோடு இரண்டையும் அவளிடம் காட்டினேன். குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே படித்தாள். இரண்டாம் பகுதியில் ‘மறந்துவிட்டாள்’ என்று எழுதியிருந்தேன். “மறக்கல, யோசிக்கல” என்று அடித்துவிட்டாள். பிறகு பக்கங்களைப் புரட்டிப் பார்த்தாள்.

“ஒண்ணு ரெண்டு பக்கம், இன்னொண்ணு நாலு வரி.”

“அது... சும்மா வரைவுதான்.”

“நான் உங்களை எதுவும் கேக்கவே இல்லையே. நீங்களே சொல்லிட்டீங்க.”

அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தேவலை.)

5

இந்த வீட்டில் சம்பளம் வாங்குகிறவள் அவள் ஒருத்திதான். முதல் பகுதியிலேயே சொல்லியிருக்க வேண்டும். கதைக்குத் தேவையில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வெட்கமாக இருக்கிறது.

இப்போது ஞாயிறு மாலை. நாளைக்கான உடையை இஸ்திரி போட்டுக்கொண்டிருக்கிறாள். என்ன செய்யப் போகிறாய் என்று நான் கேட்கவில்லை. கேட்கிற தகுதியை அந்த இரண்டு பக்கத்தில் தொலைத்துவிட்டேன். முடிவு ஆ-வை நீங்கள் எழுதிக் கொடுங்கள். காலையில் அவள் கிளம்புவதற்குள் வேண்டும், இரண்டு பக்கத்துக்குக் குறையக் கூடாது. உங்கள் வீட்டு அடுப்பு அவள் சம்பளத்தில் எரியவில்லை. உங்களுக்கு அது நன்றாகவே வரும்.