வெர்லினின் பெரிய தோட்டா

துப்பாக்கி சுடும் போட்டியில் தோற்றால் வெர்லின் தோட்டாவை மாற்றிவிடுவான். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதைதான். இவன் கூடத்தையே இடித்துக் கட்டுகிறவன். தோட்டா மாறினால் துப்பாக்கிக்குக் குழல் மாற வேண்டும், குழல் மாறினால் வெடிமருந்து மாற வேண்டும், மருந்தை நிறுத்துப் பார்க்கச் சாப்பாட்டு மேஜை வேண்டும். பென்சில்வேனியாக் குளிர்காலம் முழுக்க அவனும் மனைவி நேடீனும் மடியில் தட்டை வைத்துக்கொண்டு சோபாவில்தான் சாப்பிட்டார்கள். அப்போதும் அவன் வாயில் இறைச்சி பாதி, தோட்டா பாதி.

நேடீனும் அதே கிளப்பில் சுடுகிறவள். துப்பாக்கியை மேஜை மேல் மணல் பைகளில் கிடத்தி, அறுநூறு கஜத்துக்கு அப்பால் நிற்கும் தாளில் ஐந்து குண்டுகளை யார் நெருக்கமாகப் போடுகிறார்கள் என்பதே அங்கே போட்டி. அவள் முதல் நாள் எடுத்த குட்டையான ஆறு மில்லிமீட்டர் தோட்டாவை இன்றுவரை மாற்றவில்லை. அதைப் பற்றித் தானாகப் பேசியதும் இல்லை. கல்யாணமாகி முப்பது வருஷத்தில் கணவனிடம் தோட்டா பற்றி ஒரே ஒரு கேள்விகூட ஆசையாகக் கேட்டதில்லை. வெர்லினுக்கு அது உள்ளூர ஒரு குறைதான்.

“இதப் பாரு நேடீன், ஆறரை மில்லிமீட்டர். குண்டு கனம். காத்து என்ன ஆட்டம் போட்டாலும் இது வழி மாறாது.”

“போன வருஷமும் ஒண்ணு வழி மாறாதுன்ன.”

“அது வேற. மருந்து சரியில்ல.”

“அதுக்கு முந்தின வருஷம்?”

“குழல் சரியில்ல.”

“சுடுறவன் மட்டும் வருஷா வருஷம் சரியாவே இருக்கான், பாவம்.”

“உன்னோடது சின்னப் பிள்ளைங்க தோட்டா. சுட்டா தோள்ல உதையே கிடையாது.”

“உதைக்காததாலதான் வச்ச இடத்துலயே கிடக்குது. காத்து மாறுறதுக்குள்ள அஞ்சையும் போட்டுட்டு எந்திரிச்சிடலாம். உன்னோடது ஒவ்வொரு தடவையும் கழுதை மாதிரி துள்ளும்.” நேடீன் தட்டைக் கீழே வைத்தாள். “சரி, பந்தயம். ஜூலைப் போட்டியில நான் உன்ன ஜெயிச்சா, குளிர்காலத்து முதல் பனி விழற வரைக்கும் நீ தோட்டாவப் பத்தி வாயத் திறக்கக் கூடாது.”

“நான் ஜெயிச்சா?”

“என் குழலக் கழட்டி உன் கையில குடுத்திடறேன். நீ சொல்ற தோட்டாவுக்கு மாறிடறேன்.”

வெர்லின் உடனே கை கொடுத்துவிட்டான். ராத்திரி படுத்தபின்தான் கணக்குப் போட்டுப் பார்த்தான். சுடுவது மாதத்தில் இரண்டு நாள். பேசுவது எல்லா நாளும். அந்தப் பேச்சைப் பிடுங்கிவிட்டால் அவனிடம் மீதி என்ன இருக்கிறது? தூங்கும் மனைவியைப் பார்த்தான். அவளுக்கு அந்த அமைதி எவ்வளவு தேவைப்பட்டிருந்தால் குழலையே பணயம் வைத்திருப்பாள் என்று தோன்றியது. கொஞ்சம் வலிக்கவும் செய்தது.

போட்டியன்று காலை காபி பாய்லர் பக்கத்தில் நின்று வருகிறவர்களை எல்லாம் மடக்கினான். கிளப் தலைவர் ஹார்லனும் மாட்டினார்.

“ஹார்லன், சுத்திப் பாரு. எல்லாரும் ஆறுதான். இன்னிக்கு இந்த மைதானத்துல ஆறரை வச்சிருக்கறது நான் ஒருத்தன்தான். எழுதி வச்சுக்கோ!”

“எழுதுவானேன்? நீதான் காலையிலேர்ந்து ஊருக்கே சொல்லிட்டிருக்கியே.”

சீட்டுக் குலுக்கியதில் கணவனுக்கும் மனைவிக்கும் அடுத்தடுத்த மேஜை விழுந்தது. மணி அடித்தபோது காற்றைக் காட்டும் கொடிகள் சோம்பலாகத் தொங்கின. நேடீன் அந்த நேரத்தைப் பிடித்துக்கொண்டு டப் டப்பென்று ஐந்தையும் போட்டுவிட்டுக் கைகட்டி உட்கார்ந்தாள். வெர்லின் இரண்டு போட்டான். இரண்டாவது உதையில் துப்பாக்கி மணல் பையோடு துள்ளிக் கோணலாக உட்கார்ந்தது. கொடிகள் வேறு அசையத் தொடங்கின. அவசரமாகத் துப்பாக்கியை முன்னே தள்ளி, தொலைநோக்கியில் கண்ணை வைத்தான். நடுவில் அழகாக ஒரு தாள் தெரிந்தது. தாளுக்கு அடியில் எண் பலகை உண்டு. அதைப் பார்த்துவிட்டுத்தான் சுட வேண்டும் என்பது கிளப்பில் சேர்ந்த அன்றைக்கே சொல்லித் தருகிற பாடம். பார்க்கவில்லை. மீதி மூன்றையும் அந்தத் தாளில் மூச்சடக்கிப் போட்டான்.

அவன் வாழ்க்கையில் அப்படிச் சுட்டதே இல்லை. விரலிலேயே அது தெரிந்தது. சிரித்த முகமாக எழுந்தான்.

அத்தனை தூரத்தில் ஓட்டை கண்ணுக்குத் தெரியாது. தாள்கள் வந்தால்தான் உண்டு. வந்தன. வெர்லினின் தாளில் இரண்டே ஓட்டை. நேடீனின் தாளில் எட்டு.

“எவன்டா அவன்?” வெர்லின் குதித்தான். “எந்தக் குருடன் என் பொண்டாட்டி தாள்ல சுட்டான்? நம்பர் படிக்கத் தெரியாதவனெல்லாம் ஏம்ப்பா துப்பாக்கியத் தூக்கறீங்க? என் குண்டு மூணும் எங்க போச்சு? ஹார்லன், தாளச் சரியாப் பாரு!”

ஹார்லன் பார்த்தார். லென்ஸை வைத்து, அளவுகோலை வைத்து, ரொம்பப் பொறுமையாகவே பார்த்தார்.

“இந்த அஞ்சு ஓட்டையும் ஆறு. இந்த மூணு மட்டும் கொஞ்சம் பெரிசா இருக்கு.” தலையைத் தூக்கினார். “ஆறரை.”

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே ஓட்டையே சாட்சி சொன்னது. சுற்றி நின்றவர்கள் வெடித்துச் சிரித்ததில் வெர்லினின் காது மடல்வரை சிவந்துவிட்டது.

அதோடு விட்டதா? அடுத்தவர் தாளில் சுட்டவனுக்குச் சுற்று பறிபோகும். தாளுக்குரியவர் இருக்கிற ஓட்டைகளில் நெருக்கமான ஐந்தை எடுத்துக்கொள்ளலாம். அது அந்தக் கிளப்பின் பழைய விதி. வெர்லினின் மூன்றும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நட்ட நடுவில் இருந்தன. நேடீன் தன்னுடையதில் இரண்டை மட்டும் அவற்றோடு சேர்த்துக்கொண்டாள். நாலாவதாக வந்திருக்க வேண்டியவள் கோப்பையோடு வீடு திரும்பினாள்.

வண்டியிலேயே வெர்லினுக்குப் பந்தயம் அமலுக்கு வந்துவிட்டது. ரேடியோவைப் போட்டான், அணைத்தான். சோளக் கொல்லைகளைப் பார்த்தான். உதை, மணல் பை, குண்டின் கனம் எல்லாம் நாக்கு நுனிவரை வந்தன. விழுங்கினான்.

மடியில் கோப்பையை வைத்திருந்த நேடீன் பாதி வழியில் மெதுவாகத் திரும்பினாள். கிண்டல் இல்லை. நிஜமாகவே ஆச்சரியப்பட்ட முகம்.

“வெர்லின், அந்த மூணு குண்டு... நான் இப்படிப் பார்த்ததே இல்ல. எப்படி அவ்வளவு நெருக்கமா விழுந்துச்சு? என்ன மருந்து போட்ட?”

முப்பது வருஷமாகக் காத்திருந்த கேள்வி. வெர்லின் வண்டியை ஓரம் கட்டி நிறுத்தினான். வாயைத் திறந்தான். பந்தயம் நினைவு வந்து அவள் ஒரு விரலைத் தூக்கிக் காட்டினாள். மூடிக்கொண்டான்.

“பனி விழட்டும், சொல்றேன்” என்று மட்டும் சொல்லிவிட்டு, கண்ணாடி வழியாக ஜூலை வானத்தை அண்ணாந்து பார்த்தான். ஒரு மேகம்கூட இல்லை.