டெல்பர்ட்டுக்கு முப்பது வினாடி

1

இந்தக் கதை எங்கே பிறந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஓட்டெடுப்பில் நான் கையைத் தூக்கினேன். தூக்காமல் இருந்திருக்கலாம்.

2

முதல் தொடக்கம்: நெப்ராஸ்காவின் சோளக்காட்டு மேல் காற்று வீசிக்கொண்டிருந்த ஒரு ஞாயிறு மதியம்...

[வேண்டாம். நான் கூரை வேய்பவன், எனக்குக் காற்றைப் பற்றி நல்ல வார்த்தை வராது.]

இரண்டாவது தொடக்கம்: தீயணைப்பு நிலையக் கூடத்தில் ஞாயிறுதோறும் போக்கர் போட்டி நடத்துபவள் வெர்னா. சட்டம் எழுதுவதும் அவள்தான், தின்பதற்கு ரொட்டி சுட்டு வருவதும் அவள்தான். இருபது நிமிடத்துக்கொரு முறை அவளுடைய அடுப்படி மணி, நிமிடம் பார்த்துத் திருகி வைப்பது, அடிக்கும். ஒவ்வோர் ஆட்டத்துக்கும் முன்னால் வைக்கவேண்டிய கட்டாயப் பந்தயம் இரட்டிப்பாகும். பணத்துக்குப் பதிலாக வைக்கும் சில்லு தீர்ந்தவர்கள் எழுந்து போவார்கள். ஐந்து மணிக்கு ஒருவர் மிஞ்சவேண்டும். ஐந்தேகாலுக்கு அதே கூடத்தில் பிங்கோ என்ற எண் விளையாட்டு ஆடும் பெண்கள் வந்துவிடுவார்கள்.

(மணி தக்காளி வடிவம். எங்களோடு ஆடும் டுவேன் அதை ஆப்பிள் என்பான். கதைக்கு அது தேவையில்லை.)

3

எங்கள் மேசையிலேயே மூத்தவரான டெல்பர்ட்டுக்குப் பக்கவாதத்தில் வலது கை போய்விட்டது. இடது கையால் சீட்டின் ஓரத்தைத் தூக்கிப் பார்ப்பார், மறப்பார், மறுபடி தூக்குவார். ஞாயிற்றுக்கிழமை தவிர அவர் வீட்டைவிட்டு வெளியே வருவதில்லை. எழுதும்போது அவரை இன்னும் கொஞ்சம் நல்லவராக்கப் பார்த்தேன். ஆனால் தோற்றவனைப் பார்த்து விசிலடிக்கிற மனிதரை எப்படி...

போட்டி வாராவாரம் இழுத்தது. வெர்னா இருபது நிமிடத்தைப் பதினைந்தாக்கினாள், இடைவேளையை வெட்டினாள். அப்படியும் பிங்கோ பெண்கள் குளிரில் நின்றார்கள். ஒருநாள் டுவேன் பூட்ஸ் கயிறு கட்டக் குனிந்தபோது காரணம் தெரிந்தது. டெல்பர்ட் யோசிக்கும்போதெல்லாம் வெர்னா மேசைக்கடியில் மணியை ஓடவிடாமல் பிடித்துக்கொள்கிறாள்.

"பெருசு அடைகாக்கட்டும், வேணாங்கல. முப்பது வினாடில முட்டை வரணும். இல்லன்னா சீட்டு செத்துது," என்றான் டுவேன்.

மேசையில் ஒருவர் 'நேரம்' என்று சொன்னால் எண்ணத் தொடங்குவது, முப்பதுக்குள் ஆடாதவரின் சீட்டு செல்லாது என்று முடிவானது. வெர்னா எண்ணினால் முப்பதுக்கு அரைமணி ஆகும் என்பதால் டுவேன் கைக்கடிகாரம் பார்த்து எண்ணுவான். ஏழு கைகள் உயர்ந்தன. விடிகாலையில் வேலைக்குப் போகவேண்டும், அதனால்தான் நானும் தூக்கினேன் என்று எழுதியிருந்தேன். அந்த வரியை அடித்துவிட்டேன். முந்தின வாரம் டெல்பர்ட் என்னைப் பார்த்து விசிலடித்திருந்தார்.

"நல்ல சட்டம்தான். ஒரு தடவ என் சீட்டு செத்துச்சுன்னா, அடுத்த ஞாயிறு எனக்கு நாற்காலி போடாத வெர்னா," என்றார் அவர்.

"போடுவேன்."

"போட்டா அதுல உன் கோட்ட மாட்டிக்க. நான் வரமாட்டேன்."

அன்றிரவே வெர்னா தாளில் ஒரு வரி சேர்த்தாள்: வெளியேறியவர்கள் 'நேரம்' சொல்லக்கூடாது. நாற்பது வயதுக்கு மேல் எழுத்துப் படித்தவன் ஒரு வரியையும் விடமாட்டான். நானும் படித்தேன்.

4

அடுத்த ஞாயிறு. மிஞ்சியது இரண்டு பேர்: டெல்பர்ட், நான். இருந்த சில்லு எல்லாவற்றையும் நடுவே தள்ளிவிட்டேன். என்னிடம் இருப்பது ஏழும் இரண்டும். அதைவிடக் கேவலமான சீட்டு போக்கரில் கிடையாது; அவர் பந்தயத்தை ஏற்றால் அநேகமாக நான் தீர்ந்தேன். டெல்பர்ட் ஓரத்தைத் தூக்கினார். வைத்தார். மறுபடி தூக்கினார். வாசலில் பிங்கோ பெண்கள். 'நேரம்' சொல்ல இப்போது என்னைத் தவிர ஆளில்லை. டுவேன் கைக்கடிகாரத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு என் வாயையே பார்க்கிறான். வெர்னா யாரையும் பார்க்கவில்லை, ரொட்டித் தட்டைத் துடைக்கிறாள்.

5

மூன்று முடிவு எழுதினேன். மூன்றிலும் நான் நல்லவனாக இருந்தேன், அதனால் கிழித்துவிட்டேன்.

என் நாற்காலியில் நீங்கள் உட்காருங்கள். உங்களைப் பார்த்து அவர் இதுவரை விசிலடித்ததில்லை.